எவ்வளவு காலத்துக்குச் சமாதானம்? – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய சேர் அவர்களுக்கு,

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். சொந்த இடம் புதுக்குடியிருப்பு. 2004ஆம் ஆண்டு பிறந்தேன். போர் முடிந்த 2009 மே மாதத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தைக் கடந்ததாக வீட்டில் சொல்வார்கள். எனக்கு நினைவிருப்பது தாகம் மட்டும்தான்.

செப்டெம்பர் 21ஆம் திகதி சர்வதேச சமாதான தினத்தையொட்டி எங்கள் பீடத்தில் ஒரு கருத்தரங்கு நடக்கவிருக்கிறது. ‘இளையோர் பார்வையில் சமாதானம்’ என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் 2250ஆம் தீர்மானத்தைப் படித்துக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறேன். காந்தி, மண்டேலா ஆகியோரின் மேற்கோள்களையும் சேர்க்கலாம் என்று எண்ணுகிறேன். அம்மாவிடம் கேட்டபோது, “சண்டையில்லாமல் இருக்கிறோமே, அதுதான் சமாதானம். பழசைக் கிளறாதே” என்றார். விடுதியில் என்னோடு அறையில் இருப்பவள் சிங்களப் பிள்ளை. எம்பிலிப்பிட்டியாவுக்கு அருகில் ஊர். அவளுடைய அம்மாவின் தம்பி ஒருவர் 1989இல் காணாமல் போனவராம். அவர்கள் வீட்டிலும் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லையாம்.

இளையோருக்குச் சமாதானம் என்றால் என்ன என்பதை நான் எப்படி வரையறுக்கலாம்? போரை அனுபவித்த உங்களைப் போன்றவர்கள் முன்னால், அதை அனுபவிக்காத எங்களுக்குக் குறைசொல்லும் உரிமை இருக்கிறதா? உண்மையில் எங்களுக்குச் சமாதானம் கிடைத்துவிட்டது, அதற்காக நாங்கள் நன்றியுடன் இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இப்படிக்கு
தங்கள் வாசகி
(பெயர், அவருடைய விருப்பப்படி தவிர்க்கப்பட்டுள்ளது)

*

அன்புள்ள பிள்ளைக்கு,

வரும் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவில் பதில் எழுதுவது என் வழக்கமன்று. உமது கடிதத்துக்கு எழுத நேர்ந்ததற்குக் காரணம் உமது அம்மா சொன்ன அந்த வார்த்தை. ‘கிளறாதே’ என்பதை இந்த வருடம் முழுவதும் வெவ்வேறு வீடுகளில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை அமைக்க நிலத்தைத் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டு, அதன்பின் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் அடையாளம் காணப்பட்டதை நீரும் அறிந்திருப்பீர். அவற்றுள் ஒன்று சிறு பிள்ளையினுடையது, அதன் அருகில் நீலநிறப் புத்தகப்பை ஒன்று கிடந்தது என்ற செய்தி வந்த நாளில் நான் ஒரு நண்பர் வீட்டில் இருந்தேன். பத்தாம் தரத்தில் படிக்கும் அவருடைய பேத்தி, “செம்மணியில் என்ன நடந்தது, தாத்தா?” என்று கேட்டாள். அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போனார். யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கணக்கானோர் காணாமலாக்கப்பட்ட 1996இல், பக்கத்து வீட்டுப் பையனைத் தேடி முகாம் முகாமாக அலைந்தவர் அவர். ஒரு பாடசாலை மாணவியின் கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட படைச்சிப்பாய் ஒருவர், 300 முதல் 400 பேர் வரை செம்மணியில் புதைக்கப்பட்டார்கள் என்று 1998இல் நீதிமன்றத்தில் சொன்னதும், மறுவருடம் தோண்டியபோது 15 உடல்கள் எடுக்கப்பட்டதும் அவருக்கு நாள்வாரியாகத் தெரியும். அவ்வளவும் தெரிந்தவர்தான் பேத்திக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போனார்.

உமது கேள்விகளில் எளிதானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மேற்கோள்கள் வேண்டாம். காந்தியும் மண்டேலாவும் தம் மக்களிடம் தம் வாழ்வையே பணயம் வைத்துப் பேசியவர்கள். உமது பேச்சுக்கு அழகூட்டுவதற்காக அவர்களை அழைக்கத் தேவையில்லை. 2250ஆம் தீர்மானம் நல்ல ஆவணம். 2015 டிசெம்பர் 9ஆம் திகதி நிறைவேற்றப்பட்ட அது, 18 முதல் 29 வயது வரையுள்ளோரை இளையோர் என்று வகுத்து, சமாதான முயற்சிகள் குறித்து முடிவெடுக்கும் இடங்களில் அவர்களுக்கும் இடமளிக்கும்படி அரசுகளைக் கேட்கிறது. அதற்கு ஒரு நிமிடம் ஒதுக்கும். அதற்கு மேல் ஒதுக்கினால், நியூயோர்க்கில் எழுதப்பட்டதைப் புதுக்குடியிருப்புப் பிள்ளை ஒப்புவிப்பதைக் கேட்டுவிட்டுச் சபை கைதட்டிக் கலைந்துவிடும். உம்மிடமிருந்து மட்டுமே கேட்கக்கூடியதை அவர்கள் கேட்காமலே போவார்கள்.

கடைசியில் எழுதியிருக்கிறீரே, நன்றியுடன் இருக்க வேண்டும் என்று, அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யாருக்கு நன்றி? ஐந்து வயதில் தாகத்தோடு வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பிள்ளையா ‘போரை அனுபவிக்காத எங்களுக்கு’ என்று எழுதுவது? இதை உமக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அந்தப் பாலத்தைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாமின் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டார்கள். உமது வயதுப் பிள்ளைகள் பலர் தம் முதல் எழுத்தை எழுதியது அங்கேதான். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது. இவ்வளவையும் கடந்து வந்த ஒருவர், தனக்கு எதுவும் நேரவில்லை என்றும் மற்றவர்கள் பட்ட துன்பத்தின் பலனைத் தான் சும்மா அனுபவிக்கிறேன் என்றும் எண்ணுவாரானால், அந்த எண்ணத்தை அவருக்குள் ஊட்டியவர்கள் நாங்கள்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சமாதானத்தின் அருமை தெரியாது என்று கோயில் மண்டபத்திலும் கலியாண வீட்டிலும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் மூத்தோர்தான். சமாதானம் என்பது பெரியவர்கள் சம்பாதித்துப் பிள்ளைகளுக்கு எழுதி வைக்கிற சீதனம் அன்று. அதைத் தந்துவிட்டதாகச் சொல்லி உம்மிடம் நன்றி கேட்க எங்களில் ஒருவருக்கும் உரிமை கிடையாது. குறைசொல்லும் உரிமை இருக்கிறதா என்ற கேள்வியை இனி யாரிடமும் கேட்காதேயும்.

எனக்குத் தெரிந்த சமாதானங்களைச் சொல்கிறேன். 1987 ஜூலை 29ஆம் திகதி இலங்கை – இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒக்டோபர் 10ஆம் திகதி விடுதலைப் புலிகளுக்கும் இந்தியப் படைக்கும் போர் மூண்டது. 1990 மார்ச்சில் அந்தப் படை கப்பலேறியது. ஜூனில் இலங்கைப் படையோடு மீண்டும் போர். 1995 ஜனவரி 8ஆம் திகதி போர்நிறுத்தம் தொடங்கியது. ஏப்ரல் 19ஆம் திகதி திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்களைப் புலிகள் தகர்த்ததோடு அது முடிந்தது. 2002 பெப்ரவரி 22ஆம் திகதி நோர்வேயின் அனுசரணையோடு உடன்படிக்கை கைச்சாத்தாகி, சில வாரங்களில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் அந்த வீதி மீண்டும் மூடப்பட்டது. 2008 ஜனவரியில் அரசாங்கம் உடன்படிக்கையிலிருந்து முறைப்படி விலகிக்கொண்டது. ஒன்றின் ஆயுள் பத்து வாரம், இன்னொன்று மூன்று மாதத்துக்குச் சற்று அதிகம், எல்லாவற்றிலும் நீண்டது நாலரை வருடம்.

1995இல் நான் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று ஐந்தாவது வருடம் அது. மண்ணெண்ணெய்க்குத் தடை, ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சிறு திரி ஏற்றி, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் தொகையீடும் வகையீடும் செய்தார்கள். பற்றரிக்குத் தடை, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். ஜனவரியில் போர்நிறுத்தம் வந்து, தடையும் கொஞ்சம் தளர்ந்து, கடைகளில் சவர்க்காரமும் சோடாவும் சொக்லேற்றும் தலைகாட்டியபோது, அவற்றை வாங்கக் கூட்டமாகப் போன இளையோரைப் பார்த்து, “இவர்களுக்குச் சமாதானம் என்றால் சொக்லேற்” என்று என் வயதுக்காரர் பலர் நகைத்தார்கள். எனக்கு அது சிரிக்கும் விடயமாக அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. பத்து வயதிலிருந்து மறுக்கப்பட்ட ஒன்றைப் பதினைந்து வயதில் வாங்கித் தின்னும் பிள்ளையை நோக்கிச் சிரிப்பது கொடுமை.

கணிதப் பிரிவில் படித்த மாணவன் ஒருவன் அந்தப் பெப்ரவரியில் வகுப்பு முடிந்தபின் என்னைத் தேடி வந்தான். அவனுடைய அண்ணன் ஜேர்மனியில் இருந்தார். கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து, வவுனியா வழியாகக் கொழும்புக்கு வந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரரைப் பார்க்கும்படி காசு அனுப்பியிருந்தார். ஆனால் பையனுக்குப் போக விருப்பமில்லை; பொறியியல் பீடத்துக்குப் போகக்கூடிய தகுதி அவனுக்கு இருந்தது, அது அவனுக்கும் தெரிந்திருந்தது. “சேர், இந்தச் சமாதானம் எவ்வளவு காலத்துக்கு நிற்கும்?” என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். “எனக்கு இரண்டு வருடம் போதும், சேர்” என்றான். அந்த இரண்டு வருடத்தை அவனுக்கு உறுதிசெய்து தர ஊரில் யாரும் இருக்கவில்லை. மார்ச்சில் அவன் கிளாலியால் போய்விட்டான். ஏப்ரலில் போர் தொடங்கியது. ஜூலை 9ஆம் திகதி நவாலித் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மேல் விமானம் குண்டு போட்டது. ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இரவோடிரவாக எழுந்து நாவற்குழிப் பாலத்தால் நடந்தது. அவனுடைய கணக்கு சரியாகவே இருந்தது. அது சரியாக இருந்ததில் எனக்கு இன்றுவரை ஆறுதல் ஏற்படவில்லை.

உமக்கு வரையறை வேண்டுமென்றால், அந்தப் பையன் கேட்டதுதான் வரையறை. என்னைப் போன்ற வயதானவருக்கு இன்றிரவு செல் (எறிகணை) விழாது என்றால் அதுவே பெரிய நிம்மதி. உமது அம்மாவும் அந்த நிம்மதியைத்தான் சமாதானம் என்கிறார், அவர் பட்ட பாட்டுக்கு அப்படிச் சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் உண்டு. இருபது வயதுக்கு இன்றிரவு போதாது. அந்த வயதில் தொடங்கும் எதுவும், படிப்போ தொழிலோ காதலோ வீடோ வயலோ, முடிவதற்குப் பல வருடங்கள் எடுக்கும். ஆகவே இளையோருக்குச் சமாதானம் என்பது தன் சொந்த இடத்தில், தொடங்கியதை முடிக்கலாம் என்று நம்பக்கூடிய நீண்ட காலம். துப்பாக்கிகள் ஓய்ந்திருப்பது அதற்கு முதல் நிபந்தனை மட்டுமே. எங்களுக்கு அந்த நிபந்தனை நிறைவேறிப் பதினாறு வருடங்கள் கடந்துவிட்டன. 1995இல் அவன் கேட்டதைப் போல எட்டு மடங்கு காலம். அப்படியிருந்தும் 2022இல் வவுனியாக் கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன்னால் இரவிரவாக வரிசையில் நின்றவர்களில் அதிகம் பேர் உமது வயதுக்காரர். ஏன்?

பொருளாதார நெருக்கடி என்பார்கள், அது உண்மை. நுண்கடனில் சிக்கிய தாய்மார், இன்னும் படையினர் வசமுள்ள காணிகள், கேப்பாப்புலவில் 2017 முழுவதும் வீதியோரத்தில் இருந்து கேட்டும் முழுதாகத் திரும்பாத நிலம், 1979இல் தற்காலிகமாக என்று கொண்டுவரப்பட்டு இன்றுவரை நீடிக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம், பாடசாலை வாசல் வரை வந்துவிட்ட ஐஸ் போதை. இவற்றையெல்லாம் நீர் என்னைவிட நன்றாக அறிவீர். பேச்சில் இவற்றுக்கு இடமும் கொடுப்பீர். நான் இன்று வற்புறுத்த விரும்புவது இவற்றுக்கு அப்பால் உள்ள ஒன்றை. வேறு யாரும் உமக்குச் சொல்லப் போவதில்லை என்பதால் அதையே நீட்டிச் சொல்கிறேன்.

முந்திய சமாதானங்கள் ஏன் உடைந்தன என்று உமது தலைமுறைக்கு யாரும் சொல்லவில்லை. 1995 எப்படி முடிந்தது, 2006இல் யார் என்ன செய்தார்கள், பேச்சுவார்த்தை மேசையில் எது தீராமல் நின்றது, ஊருக்குள் எந்தக் கொலைகளைப் பார்த்தும் பாராதவர்போல் இருந்தோம் என்பவை எவையும் உங்களுக்குத் தெரியாது. மேடையில் வீரம் கேட்கிறீர்கள். வீட்டில் மௌனம் கேட்கிறீர்கள். மேடையில் காதில் விழுவது உண்மையின் ஒரு பகுதி, அதுவும் ஊதிப் பெருக்கப்பட்டது. வீட்டு மௌனத்திலிருந்து ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: ஏதோ பயங்கரமானது நடந்திருக்கிறது, அது எதனால் வந்தது என்று தெரியாது, ஆகவே எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம். காரணம் தெரியாத ஆபத்துக்கு முடிவு கிடையாது. முன்னது எதனால் உடைந்தது என்று அறியாத ஒருவர், இப்போது இருப்பது நிலைக்குமா என்பதை எதைக்கொண்டு கணிப்பார்? கணிக்க முடியாதவர் ஒரு காலை ஊரிலும் ஒரு காலைக் கனடாவிலும் வைத்துக்கொண்டுதான் வாழ்வார். பிள்ளைகள் ஊரில் நிற்கிறார்களில்லை என்று அழும் பெற்றோர், தங்கள் மௌனமும் அவர்களைக் கப்பலேற்றுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மௌனத்துக்குக் காரணங்கள் உண்டு. அவற்றை நான் இலேசாக எண்ணவில்லை. பயம் உண்டு. பேசினால் யாரோ வந்து விசாரிப்பார்கள் என்பது கற்பனைப் பயம் அன்று. வேதனை உண்டு, சொல்லத் தொடங்கினால் தாங்க முடியாது. மூன்றாவதாக வெட்கம் உண்டு. இந்த மூன்றாவதைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் எழுதுவதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறும்படி புலிகள் கட்டளையிட்டார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறக்குறைய 75,000 பேர் அந்த நாட்களில் துரத்தப்பட்டார்கள். சோனக தெருவும் ஒட்டுமடமும் ஒரே நாளில் ஆளற்றுப் போனதை நகரத்தில் இருந்த எல்லோரும் கண்டோம். ஐந்து வருடம் கழித்து அதே ஒக்டோபர் 30இல் நாங்கள் பாலத்தைக் கடந்தோம். எங்கள் இடப்பெயர்வைப் பற்றி வருடந்தோறும் எழுதுகிறோம். மற்றதைப் பற்றி வீட்டில் ஒரு பிள்ளைக்காவது சொல்லியிருக்கிறோமா? புத்தளத்தில் அகதி முகாமில் பிறந்து, யாழ்ப்பாணம்தான் எங்கள் ஊர் என்று தாயார் சொல்லக் கேட்டு வளர்ந்து, இன்று முப்பது வயதைத் தாண்டிவிட்ட ஒரு தலைமுறை இருக்கிறது. கருத்தரங்கில் ‘இளையோர்’ என்று சொல்லும்போது, அவர்களுக்குப் பின் அங்கே பிறந்து இன்று உமது வயதில் இருப்பவர்களும் அதில் உண்டா என்று யோசித்துப் பாரும். உமக்கு அவர்களைப் பற்றித் தெரியாதென்றால் அது உமது குற்றமன்று, நாங்கள் சொல்லவில்லை.

வன்னியிலும் அப்படித்தான். 2006க்குப் பிறகு வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கிய கட்டாய ஆட்சேர்ப்பு பின்னர் அந்தக் கணக்கையும் மீறியது. பிள்ளைகளைக் குழிக்குள்ளும் பற்றைக்குள்ளும் ஒளித்து வைத்த தாய்மார் இருக்கிறார்கள். அவசர அவசரமாகக் கலியாணம் கட்டிக்கொடுக்கப்பட்ட பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் இருக்கிறார்கள். விரும்பியே போன பிள்ளைகளும், அவர்களைப் பெருமையோடு அனுப்பிய வீடுகளும் இருக்கின்றன. மறுபுறத்தில், பாதுகாப்பு வலயம் என்று அரசாங்கமே அறிவித்த இடங்களுக்குள் செல் விழுந்து இறந்தவர்கள் எத்தனை ஆயிரம் என்பதற்கு இன்றுவரை முறையான கணக்கெடுப்பு இல்லை. இவை எல்லாம் ஒரே வீட்டுக்குள்ளேயே நடந்திருக்கக்கூடும். உமது அம்மாவின் மௌனத்துக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அது எதுவானாலும், அதை அறியும் உரிமை உமக்கு உண்டு.

2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு, உமது பல்கலைக்கழக வளாகத்திலிருந்த, 2009 இறுதிப் போரில் இறந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாசலில் அமர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் அடிக்கல் நாட்டப்பட்டது. அவர்களில் பெரும்பாலானோர் 2009இல் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களை மெச்சிப் பேசாத பெற்றோர் அன்று குடாநாட்டில் இல்லை. அதே பிள்ளைகள் வீட்டுக்குப் போய், சித்தப்பா எங்கே செத்தார், ஏன் அவருடைய படத்துக்கு மாலை போடுவதில்லை என்று கேட்டபோது வாய் திறந்தவர்கள் எத்தனை பேர்?

உமது அறைத் தோழியை நீர் இரண்டு வரியில் கடந்துபோய்விட்டீர். உமது கடிதத்தின் நெஞ்சு அங்கேதான் இருக்கிறது, பிள்ளை. தெற்கில் 1971 ஏப்ரலிலும், பின்னர் 1987 முதல் 1989 வரையும் சிங்கள இளைஞர்கள் எழுந்தார்கள். அவர்களை நடத்திய ஜே.வி.பி.யும் (மக்கள் விடுதலை முன்னணி) கொன்றது, அரசபடைகளும் துணைக்குழுக்களும் அதைவிடப் பல மடங்கு கொன்று ஆற்றில் மிதக்கவிட்டன, தெருவில் ரயர் போட்டு எரித்தன. எம்பிலிப்பிட்டியாவில் பாடசாலை மாணவர்களே கொண்டுபோகப்பட்டுக் காணாமல் போனார்கள். 1994இல் சூரியகந்தவில் மனிதப் புதைகுழி வெளிப்பட்டது. காணாமல் போனவர்களின் தாய்மார் மாத்தறையில் ஒரு முன்னணியைத் தொடங்கினார்கள்; 1984இல் யாழ்ப்பாணத்தில் எங்கள் தாய்மார் தொடங்கிய முன்னணி அதற்கு மூத்தது. அந்த எழுச்சியை நடத்திய கட்சியின் இன்றைய தலைவர் 2024இல் நாட்டின் ஜனாதிபதியாகவே ஆகிவிட்டார். அதன் பின்னரும் அந்த வீட்டில் மாமாவின் பெயரை யாரும் சொல்வதில்லை என்றால், ஆட்சி மாறுவதால் மட்டும் மௌனம் கலைவதில்லை என்பதை நாங்கள் இருவீட்டாரும் விளங்கிக்கொள்ள வேண்டும். 2022 மே 18ஆம் திகதி கொழும்புக் காலிமுகத்திடலில், அரசாங்கத்துக்கு எதிரான போராட்டக் களத்திலிருந்த சிங்கள இளையோர் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றிக் கஞ்சி பகிர்ந்தார்கள். அதைப் போலி என்று சிலர் ஒதுக்கினார்கள். நான் ஒதுக்கவில்லை. அங்கே நின்றவர்களில் சிலருக்காவது தங்கள் வீட்டில் பேசப்படாத ஒரு மாமா இருந்திருப்பார். உமது அறையில் விளக்கை அணைத்தபின் நீங்கள் இருவரும் பேசிய பேச்சு, நான் இதுவரை போன சமாதானக் கருத்தரங்குகள் பலவற்றைவிடப் பெறுமதியானது.

அம்மாவிடம் மறுபடி கேளும். ஆனால் ‘என்ன நடந்தது’ என்று கேட்காதேயும். அது விசாரணைக்காரரின் கேள்வி. ஓமந்தையிலும் மெனிக் பாமிலும் சீருடையோடு இருந்தவர்கள் அவரிடம் அதைத்தான் கேட்டிருப்பார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போனீர்கள் என்று கேளும். இடம்பெயர்ந்தவர்கள் ஊர்ப் பெயர்களை வரிசை தவறாமல் நினைவில் வைத்திருப்பார்கள்: தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், தேவிபுரம், இரணைப்பாலை, புதுமாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால். உழவு இயந்திரப் பெட்டியில் எதை ஏற்றினீர்கள், கூரைத் தகரத்தைக் கழற்றினீர்களா, எந்த இடத்தில் எதை விட்டுவிட்டு வந்தீர்கள், அங்கே என்ன சமைத்தீர்கள், அரிசி என்ன விலை விற்றது என்று கேளும். அவர் கைவேலையாக இருக்கும்போது, நீரும் கூட இருந்து அந்த வேலையைச் செய்துகொண்டு கேளும். கைபேசியில் பதிவு செய்ய வேண்டாம். ஓர் ஊரின் பெயர் வந்ததும் அவர் நிறுத்தினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளும். அடுத்த முறை அந்த ஊரைத் தாண்டித் தொடங்கலாம். அவர் சொல்வது நீர் கேள்விப்பட்ட அரசியலுக்குப் பொருந்தாவிட்டால் இடையில் புகுந்து திருத்தாதேயும். அவர் அழுதால் பயப்படாதேயும்.

செப்டெம்பர் 21க்குள் அவர் எதுவும் பேசாமலும் போகலாம். அப்படியானால், எங்கள் வீட்டில் கேட்டேன், அம்மா சொல்லவில்லை என்பதையே சபையில் சொல்லும். தோழி சம்மதித்தால் மட்டும், அவளுடைய வீட்டிலும் சொல்லவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளும். சம்மதம் தந்தால் அந்தப் பகுதியை அவளையே எழுந்து சிங்களத்தில் பேசச் சொல்லி, நீர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லும். உங்கள் இருவருக்கும் பத்து நிமிடம் சரியாக இருக்கும்.

அன்புடன்.